மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஓடும் டீசல் படகு: லோடு ஏறியதும் சூடாகிறது, எங்கே பார்ப்பது?

நாகமரைக்காரன்

வணக்கம். எங்கள் பெரியப்பா மீன் ஏற்றும் படகு ஒன்று வைத்திருக்கிறார். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தர்மபுரிக் கரையில், நாகமரைக்கும் ஒட்டனூருக்கும் இடையில், பரிசலில் வலை போடுகிறவர்களிடம் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டுக் கரைக்குக் கொண்டு வருவதுதான் வேலை. படகை ஓட்டுவதும் இன்ஜினைப் பார்த்துக்கொள்வதும் நான்.

இரும்புப் படகு. மூன்று சிலிண்டர் டீசல், 40 குதிரைத்திறன். இன்ஜினுக்குள் கூலண்ட் தனியாகச் சுற்றுகிறது. அதைக் குளிர வைக்க ஆற்றுத் தண்ணீரை ஒரு ரப்பர் இம்பெல்லர் (இறக்கைச் சக்கரம்) பம்ப் இழுத்து, கூலண்டின் சூட்டை வாங்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து அந்தத் தண்ணீர் சைலன்சர் குழாயில் புகையோடு கலந்து பின்பக்கம் வெளியேறும்.

காலையில் காலிப் பெட்டியோடு போகும்போது மீட்டர் முள் 80இல் அப்படியே நிற்கிறது. திரும்பி வரும்போது, பெட்டி நிறைந்து முக்கால் த்ராட்டில் கொடுத்தால், பாதி வழியில் 90 தாண்டி 100ஐத் தொடுகிறது, அலாரம் அடிக்கிறது. த்ராட்டிலைக் குறைத்தால் மெதுவாக இறங்குகிறது. பின்பக்கம் தண்ணீர் வருகிறது, ஆனால் அந்த நேரத்தில் அதோடு ஆவியும் வருகிறது. கூலண்ட் டேங்கில் எங்கள் தோட்டத்து போர் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறோம். ஆயில் சுத்தமாக இருக்கிறது.

கோடை என்பதால் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் தெரிய ஆரம்பித்துவிட்டன. படகு கட்டுகிற இடம் முழுக்கச் சேறு, ஓரத்தில் பச்சைப் படலம். பெரியப்பா தெர்மோஸ்டாட்டை, அதாவது கூலண்ட் சூடானதும் திறந்து அதை எக்ஸ்சேஞ்சருக்கு விடும் வால்வை, கழற்றச் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எதிலிருந்து ஆரம்பிப்பது?

பாலக்கோடு டீசல்

தம்பி, உங்கள் பெரியப்பா சொல்வது சரி. நான் டிராக்டரும் போர் வண்டி கம்ப்ரசரும் பார்க்கிறவன். எங்கள் பக்கம் சூடு என்று வரும் வண்டியில் முதலில் தெர்மோஸ்டாட்டைத்தான் எடுப்போம். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை. பனி பெய்கிற நாட்டுக்கு வைத்தது. எடுத்துவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் சுற்றும். கேஸ்கட் ஒன்று மாற்றினால் போதும், அரை மணி நேர வேலை. அப்படி ஓடும் டிராக்டர்கள் பாலக்கோட்டிலும் மாரண்டஅள்ளியிலும் நிறைய இருக்கின்றன.

கடலூர் பட்டறை

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். எதையும் கழற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. காலியாகப் போகும்போது 80இல் நிற்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்து மூடி ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் தெரிகிறது. லோடில் மட்டும் ஏறுகிறது, பின்னால் ஆவி வருகிறது. அப்படியானால் வெளித்தண்ணீர் போதவில்லை. நான் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். சூடு என்று வரும் படகுகளில் பெரும்பாலும் கோளாறு வெளித்தண்ணீர்ப் பாதையில்தான் இருக்கும், இன்ஜினுக்குள் இருக்காது.

தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ அதே வழியில் நீங்களும் போங்கள். படகின் அடியில் தண்ணீர் எடுக்கும் ஓட்டை, அதன் மேல் சல்லடை. உங்கள் படகு சேற்றில் உட்கார்ந்து எழுகிறது என்றால் அங்கே சேறும் பாசியும் அப்பியிருக்கும். உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது, ஆள் இறங்கிக் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் நின்று, சாவி கையில் இருக்கும்போது மட்டும் இறங்குங்கள்.

அடுத்து அந்த ஓட்டையை மூடித் திறக்கும் வால்வு. கைப்பிடி திறந்த நிலையில் இருந்தாலும் உள்ளே துரு பிடித்துப் பாதிதான் திறந்திருக்கலாம். அப்புறம் ஸ்ட்ரெய்னர், அதாவது குப்பையைப் பிடிக்கும் வடிகட்டி. அதைத் திறக்கும் முன் அந்த வால்வைக் கட்டாயம் மூடுங்கள். ஸ்ட்ரெய்னர் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மூடியைக் கழற்றியதும் ஆற்றுத் தண்ணீர் படகுக்குள் வந்துவிடும். வேலை முடிந்ததும் வால்வைத் திறந்தோமா என்று இரண்டாவது ஆள் பார்த்துச் சொல்லட்டும். மூடிய வால்வோடு ஓட்டினால் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே பொசுங்கிவிடும்.

ஸ்ட்ரெய்னர் மூடியின் கேஸ்கட்டை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். உங்கள் தோட்டத்து மோட்டாரில் சக்ஷன் குழாய் காற்று வாங்கினால் எப்படித் தண்ணீர் ஏறாதோ, இங்கும் அதே கதைதான். பம்புக்கு முன்னால் இருக்கும் இணைப்பு, இன்ஜின் ஓடும்போது வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமலே உள்ளே காற்று இழுக்கலாம். அதனால் ஈரம் இல்லை என்பதை வைத்து நல்ல இணைப்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

சக்ஷன் ஓஸ் பழையதா என்றும் பாருங்கள். உள்ளே கம்பிச்சுருள் இல்லாத ஓஸ், ரேஸ் கூடும்போது உறிஞ்சும் வேகத்தில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். ஐடிலிங்கில் உருண்டையாகவே இருக்கும். சில ஓஸில் உள் ரப்பர் மட்டும் பிரிந்து மடிப்பாகத் தொங்கி அடைக்கும், வெளியில் புதிது போலவே தெரியும்.

கடைசியாக இம்பெல்லர். இறக்கைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்திருந்தாலும் அந்தத் துண்டு எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். புது இம்பெல்லர் போட்டு மூடிவிட்டு அதை மறந்துவிடக் கூடாது.

பாலக்கோடு டீசல்

அண்ணா, கடல் படகு அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் வெளித்தண்ணீர் குறைவு என்றால் ஐடிலிங்கிலும் சூடாக வேண்டுமே? தெர்மோஸ்டாட் பாதி திறந்து நின்றுவிட்டால் லோடில் மட்டும் சூடாகும். டிராக்டரில் ரோட்டவேட்டர் போட்டு உழும்போது மட்டும் கொதிக்கிற வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் எடுத்ததும் சரியாயிற்று.

காவேரிப்பட்டணம் மரைன்

இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் கப்பலில் இன்ஜினியராக இருக்கிறேன், லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன்.

டீசல் எரிந்து வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ப்ரொப்பெல்லருக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கூலண்ட் சுமக்க வேண்டும். 40 குதிரைத்திறன் என்றால் சுமார் 30 கிலோவாட். முழு லோடில் கூலண்ட் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் அதே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளினால், எக்ஸ்சேஞ்சருக்குள் போகும் ஆற்றுத் தண்ணீர் சுமார் 11 டிகிரி சூடாகி வெளியே வரும். ஓட்டம் 20 லிட்டராகக் குறைந்தால் 22 டிகிரி. ஆற்றுத் தண்ணீரே 30 டிகிரி இருக்கும் கோடையில் அது 52 ஆகி வருகிறது, எக்ஸ்சேஞ்சரின் வேலை திணற ஆரம்பிக்கும். ஐடிலிங்கில் வெப்பமே மிகக் குறைவு. அதனால் பாதி அடைத்த பாதைகூட அப்போது போதும். பாலக்கோடு அண்ணா கேட்டதற்குப் பதில் இதுதான்: வெளித்தண்ணீர் குறைந்தாலும் லோடில் மட்டும் சூடாகலாம்.

இப்போது தெர்மோஸ்டாட். அது பனி நாட்டுக்காக மட்டும் வைத்ததல்ல. இன்ஜின் சீக்கிரம் சூடாகி ஒரே சூட்டில் ஓடினால்தான் டீசல் முழுதாக எரியும், சிலிண்டரின் உள்சுவரான லைனரின் தேய்மானம் குறையும், ஆயிலில் கசடு சேராது. எடுத்துவிட்டு ஓடுகிற வண்டி ஓடத்தான் செய்யும். என்ன தேய்ந்தது என்று ஹெட் இறக்கும்போதுதான் தெரியும். இன்னொன்று இதைவிட முக்கியம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பகுதி பைபாஸ் வழியை அடைக்கும். அந்த மாதிரி இன்ஜினில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பகுதி எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கக் கழற்றி, சூடு கூடிப்போகும்.

தம்பி, கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒருவர் பரிசலில் உட்கார்ந்து, புகைக்கு முகம் காட்டாமல், பின்பக்கக் குழாயில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடிக்கட்டும். நீங்கள் நடு ரேஸில் வைத்து, நிறைய எவ்வளவு நேரம் என்று போனில் பாருங்கள். பம்ப் தள்ளும் அளவு ரேஸைப் பொறுத்தது, லோடைப் பொறுத்ததல்ல, அதனால் நியூட்ரலிலேயே தெரிந்துவிடும். அந்த ரேஸில் எவ்வளவு வர வேண்டும் என்று இன்ஜின் புத்தகத்தில் இருக்கும்.

அடுத்து ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்குங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் அது குறைவாகக் காட்டும், அதனால் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள். தெர்மோஸ்டாட் வீடு (அது உட்கார்ந்திருக்கும் உறை), எக்ஸ்சேஞ்சருக்குக் கூலண்ட் போகும் குழாய், வரும் குழாய், ஆற்றுத் தண்ணீர் போகும் வாய், வெளியேறும் வாய். லோடில் ஓடும்போது ஐந்தையும் எழுதி இங்கே போடுங்கள். மீட்டர் பொய் சொல்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஏரியூர் மீன்கடை

நான் மெக்கானிக் இல்லை. இந்த மாதிரிப் படகில் வரும் மீனை வாங்கி விற்கிறவள். எங்கள் வீட்டுக்காரர் பரிசலில் வலை போடுகிறார், சில நாள் அந்தப் படகிலேயே திரும்பி வருவார். நீங்கள் எல்லோரும் கரையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறீர்கள். நடுத்தண்ணீரில் அலாரம் அடித்தால் அந்த நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எழுதுங்கள். சாயங்காலம் காற்று எழும்பினால் அந்த அகலத்தில் பரிசலே நிலை கொள்ளாது. இன்ஜின் நின்ற படகு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ஐஸ் உருகி மீன் போனால் பணம் போகும், அவ்வளவுதான். ஆள் பத்திரமாக வர வேண்டும்.

கடலூர் பட்டறை

அக்கா கேட்டதுதான் முதலில் எழுத வேண்டியது.

அலாரம் அடித்ததும் த்ராட்டிலை இறக்கி நியூட்ரலுக்கு வாருங்கள். உடனே பின்பக்கம் பாருங்கள். தண்ணீரே வரவில்லை என்றால் இன்ஜினை அப்போதே நிறுத்துங்கள். நன்றாக வருகிறது, முள்ளும் இறங்குகிறது என்றால் சில நிமிடம் ஐடிலிங்கில் விட்டு ஆற வைத்து நிறுத்துவது நல்லது. சூடான இன்ஜினைச் சட்டென்று நிறுத்தினால் சுற்றாத கூலண்ட் ஹெட்டிலேயே நின்று கொதிக்கும்.

நிறுத்தும்போதே நங்கூரம் இறங்க வேண்டும். நங்கூரமும் போதிய நீளக் கயிறும் படகின் முன்னால் எப்போதும் எடுக்கிற மாதிரி இருக்கட்டும், ஐஸ் பெட்டிக்கு அடியில் கிடந்தால் பயனில்லை. லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள் அப்போது போட்டுக்கொள்ளுங்கள். உண்மையில் ஏறும்போதே போட்டிருக்க வேண்டும். கரைக்குப் போன் போட்டு எந்த இடம் என்று சொல்லிவிடுங்கள். சிக்னல் இல்லாத வளைவுகள் எவை என்று உங்களுக்கே தெரியும், அங்கே போகும் முன்னரே சொல்லி வையுங்கள்.

கூலண்ட் மூடியைத் தொடக்கூட வேண்டாம். மூடி அழுத்தத்தில் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100க்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணத்தில் அழுத்தம் போய் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். கூலண்ட் டேங்கின் மேல் வெறுங்கையை வைத்து நிதானமாகப் பிடித்திருக்க முடிகிற வரை காத்திருங்கள். அதற்குப் பிறகும் துணி போட்டு, கால் திருகு திருகி, காற்று போக விட்டுத் திறங்கள். இன்ஜின் மேல் ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வார்ப்பு இரும்பு ஹெட் விரிசல் விட அது ஒன்று போதும்.

ஆறிய பிறகு கூலண்ட் அளவு, ஆயில் கம்பி, ஸ்ட்ரெய்னர், இந்த மூன்றையும் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்துக்கொண்டு போவதுதான் வழி. இன்னொரு எச்சரிக்கை: ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டர் அடிக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பம்ப் தண்ணீர் தள்ளுகிறது. அதை வெளியேற்றப் புகை இல்லை. சைலன்சர் நிறைந்து தண்ணீர் சிலிண்டருக்குத் திரும்பிவிடும்.

நாகமரைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஏரியூர் அக்கா, நங்கூரத்தை முன்னால் கொண்டுவந்து கயிறு மாற்றிவிட்டேன்.

இன்று அளந்தது. பெரியப்பா பரிசலில் பக்கெட் பிடித்தார். நடு ரேஸில் பக்கெட் நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. புத்தகத்தில் அந்த ரேஸுக்கு நிமிடத்துக்கு 35 லிட்டர் போட்டிருக்கிறது. அடியில் இறங்கிப் பார்த்தேன், சல்லடை முழுக்கப் பாசி, வழவழவென்று. சுரண்டி எடுத்தேன். ஸ்ட்ரெய்னரில் சேறும் மீன் செதிலும். மூடி கேஸ்கட் ஓர் இடத்தில் சப்பையாகியிருந்தது, தர்மபுரியில் ரப்பர் ஷீட் வாங்கி வெட்டிப் போட்டேன். மறுபடி அளந்தால் நிமிடத்துக்கு 28 லிட்டர் வரை வருகிறது.

லோடில் ஓட்டினேன். முன்பு போல் 100 போகவில்லை. ஆனால் கரை நெருங்கும்போது 93 வரை ஏறியது. தெர்மாமீட்டரில்: தெர்மோஸ்டாட் வீடு 92, எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் கூலண்ட் குழாய் 91, வரும் குழாய் 86. ஆற்றுத் தண்ணீர் உள்ளே 30, வெளியே 41. மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. இன்னும் இம்பெல்லரைத் திறக்கவில்லை.

காவேரிப்பட்டணம் மரைன்

நல்ல வேலை தம்பி. தெர்மோஸ்டாட் வீடும் அதற்கு அடுத்த குழாயும் கிட்டத்தட்ட ஒரே சூடு. அதனால் தெர்மோஸ்டாட் திறந்து சூடான கூலண்டை எக்ஸ்சேஞ்சருக்கு அனுப்பிவிட்டது. பெரியப்பாவிடம் இதைக் காட்டுங்கள். இங்கே 91இல் போன கூலண்டுக்கும் 30இல் வந்த ஆற்றுத் தண்ணீருக்கும் இடையே அவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தும் வெப்பம் கைமாறத் திணறுகிறது. எக்ஸ்சேஞ்சரின் குழாய்களில் அடைப்போ படிவமோ இருக்கிறது. பம்பையும் எக்ஸ்சேஞ்சரின் இரண்டு முனை மூடிகளையும் திறந்து பாருங்கள்.

ஓசூர் ரேடியேட்டர்

ரேடியேட்டரும் ஆயில் கூலரும் எங்கள் பட்டறைக்கு வருகிறவை, அதனால் இந்த இடத்தில் நானும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் முதல் பதிவில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம் என்று ஒரு வரி இருந்தது, யாரும் அதைப் பிடிக்கவில்லை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஃபுளூரைடு காரணமாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் திறந்தார்கள். இன்ஜினைக் கெடுப்பது ஃபுளூரைடு அல்ல, அதே தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும். சூடு எங்கே அதிகமோ அங்கேதான், அதாவது சிலிண்டர் ஹெட்டைச் சுற்றித்தான், அது அதிகமாக வெள்ளையாகப் படியும், எக்ஸ்சேஞ்சர் குழாய்களின் மேலும் சேரும். தாளின் கனத்தில் படிந்தால்கூட வெப்பம் கடப்பது குறைந்துவிடும். குறைகிறதே என்று வாரம் தவறாமல் போர் தண்ணீரை ஊற்றினால், ஒவ்வொரு முறையும் புதிதாக உப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் இன்ஜின் புத்தகம் சொல்லும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையாது, அதனால் கூலண்ட் தேவையில்லை என்று சொல்வார்கள். கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, கொதிநிலையும் கூடுகிறது. அதற்காகத்தான் ஊற்றச் சொல்கிறேன்.

சுத்தம் செய்யும்போது எக்ஸ்சேஞ்சருக்குள் இருக்கும் குழாய்க் கட்டு முழுவதையும் வெளியே எடுத்து, ஆற்றுத் தண்ணீர் ஓடும் துளைகளில் மரக்குச்சியோ மெல்லிய பித்தளைக் கம்பியோ விட்டு, தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராகத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், செம்புக் குழாய் கீறிப் பொத்துவிடும். வெள்ளைப் படிவத்துக்குச் சிட்ரிக் ஆசிட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற வையுங்கள், நுரை அடங்கியதும் எடுத்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்வார்கள், ஊற்றாதீர்கள். அது படிவத்தோடு பற்றவைப்பையும் குழாயையும் சேர்த்துத் தின்னும். மூடும் முன் ஓ ரிங் (ரப்பர் வளையம்) எல்லாம் புதிதாகப் போடுங்கள். முடிந்தால் ஒரு பக்கம் அடைத்துக் காற்று கொடுத்துத் தண்ணீருக்குள் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தக் குழாய் ஓட்டை.

எக்ஸ்சேஞ்சரில், குழாய்க்குப் பதிலாகத் தான் அரிந்து போவதற்கான துத்தநாகக் கட்டி திருகியிருந்தால் அதையும் கவனியுங்கள். அது கடல் தண்ணீருக்கானது. நல்ல தண்ணீரில் அதன் மேல் படலம் கட்டி வேலை செய்வதை நிறுத்திவிடும். ஆற்றுக்கு மக்னீசியம் கட்டிதான் ஏற்றது.

கேஆர்பி அவுட்போர்டு

இடையில் வருவதற்கு மன்னியுங்கள், இதே சூடு விஷயம்தான். கிருஷ்ணகிரி அணையில் எங்கள் ரப்பர் படகுக்கு, பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார். பக்கவாட்டில் ஊசி மாதிரி பீச்சும் தண்ணீர் நின்றுவிட்டது. மழைக்குப் பிறகு ஆகாயத்தாமரை நிறைய. இன்னும் அலாரம் அடிக்கவில்லை. ஓட்டலாமா?

கடலூர் பட்டறை

ஓட்டாதீர்கள். அந்தப் பீச்சு நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பீச்சுகிற சின்னத் துளை மட்டும் மண்ணால் அடைத்திருக்கும், அல்லது தண்ணீரே ஏறவில்லை. மோட்டாரை நிறுத்தி, மேலே தூக்கி, தண்ணீருக்குள் இறங்கும் கீழ்க்காலின் இரண்டு பக்கச் சல்லடையையும் பாருங்கள். ஆகாயத்தாமரை வேரும் பிளாஸ்டிக் பையும் அங்கேதான் ஒட்டும். பிறகு மீன் பிடிக்கும் தடித்த நைலான் நரம்பைப் பீச்சுத் துளையில் விட்டுக் குடையுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். அதற்கும் வரவில்லை என்றால் கீழ்க்காலைக் கழற்றி இம்பெல்லரை மாற்ற வேண்டும். சேற்றுத் தண்ணீரில் ஓட்டிய ஒவ்வொரு நாளும், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் நிறுத்திச் சில நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டினால், வண்டல் உள்ளே காய்ந்து இறுகாது. அவுட்போர்டில் கூலண்ட் கிடையாது, ஆற்றுத் தண்ணீரே இன்ஜினுக்குள் ஓடுகிறது. அதனால் அடைத்தால் சூடு மிக வேகமாக ஏறும். தம்பிக்குக் கிடைத்த அவகாசம் உங்களுக்குக் கிடைக்காது.

கேஆர்பி அவுட்போர்டு

ஒரு பக்கச் சல்லடையில் பையும் வேரும் சுற்றியிருந்தது, எடுத்தேன். பீச்சுத் துளையிலும் மண். இப்போது பழையபடி பீச்சுகிறது. நன்றி அண்ணா.

நாகமரைக்காரன்

பம்பைத் திறந்தேன். இம்பெல்லரில் ஆறு இறக்கையில் இரண்டு பாதியோடு போயிருக்கின்றன. எக்ஸ்சேஞ்சரின் ஆற்றுத் தண்ணீர் நுழையும் முனையைத் திறந்ததும், அந்த ரப்பர் துண்டுகள் குழாய் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிப் பாசியும் நாரும் சிக்கி, கிட்டத்தட்டப் பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. இப்போது போன துண்டுகளை விடக் கூடுதல் துண்டுகள் கிடைத்தன. இந்தப் படகு எங்களிடம் வரும் முன்பே யாரோ இம்பெல்லரை மட்டும் மாற்றிவிட்டுத் துண்டைத் தேடாமல் விட்டிருக்கிறார்கள். கூலண்ட் பக்கம் ஓசூர் அண்ணா சொன்ன வெள்ளை, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருகிறது.

சிட்ரிக் ஆசிட் போட்டு எடுத்தாயிற்று. பம்பின் முகப்புத் தகட்டில் வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. அதை என்ன செய்வது? புது இம்பெல்லர் சேலத்தில் கிடைத்துவிட்டது.

கடலூர் பட்டறை

தகட்டைத் திருப்பிப் போடுங்கள், மறுபக்கம் வழவழப்பாக இருக்கும். எழுத்துப் பொறித்திருந்தால் கண்ணாடியின் மேல் மெல்லிய உப்புத்தாள் விரித்துத் தேய்த்துச் சமமாக்குங்கள். அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் திரும்ப ஓடிவிடுவதால்தான் பம்பின் இழுவை குறைகிறது. இம்பெல்லருக்குக் கிளிசரின் தடவிப் போடுங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். இறக்கைகள் சுற்றும் திசைக்குப் பின்னால் சாய்கிற மாதிரி நுழைத்து, ஓடவிட்டதும் முதல் அரை நிமிடத்துக்குள் பின்பக்கம் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். படகு நீண்ட நாள் கிடப்பில் போனால் இம்பெல்லரை எடுத்துத் தனியே வையுங்கள். மடங்கிய இறக்கை அப்படியே மடங்கி நின்றுவிடும்.

பாலக்கோடு டீசல்

அந்த அளவுகளைப் பார்த்த பிறகு நானும் ஒப்புக்கொள்கிறேன், இந்தப் படகில் தெர்மோஸ்டாட் மேல் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் கழற்றிய நேரத்தில் அதையும் எடுத்துச் சோதித்து வைப்பது நல்லது. அடுப்பில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. அதில் குத்தியிருக்கும் டிகிரியில் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுதாகத் திறக்க வேண்டும். ஆற வைத்தால் இறுக மூட வேண்டும். இல்லையென்றால் புதிது போடுங்கள், விலை பெரிதில்லை. மாட்டும்போது அதில் இருக்கும் சின்னக் காற்றுத்துளை மேலே வரட்டும். கூலண்ட் ஊற்றும்போது மேலே இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து குமிழி இல்லாமல் வழியும் வரை ஊற்றுங்கள். ஹெட்டில் காற்று அடைத்துக்கொண்டால் மீட்டரின் சென்சாரைக் கூலண்ட் தொடாது. ஹெட் வெந்துகொண்டிருக்கும், முள் பாட்டுக்குக் கீழேயே கிடக்கும்.

நாகமரைக்காரன்

முடித்துவிட்டேன். தெர்மோஸ்டாட் 82இல் திறந்தது, அதையே மாட்டினேன். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும். பக்கெட்டில் அளந்தால் புத்தக அளவே வருகிறது. பெட்டி நிறைந்து, முக்கால் த்ராட்டிலில், ஒட்டனூர்ப் பக்கமிருந்து கரை வரை முள் 84ஐத் தாண்டவில்லை. பின்பக்கம் ஆவி இல்லை. பெரியப்பா இப்போது தானே பக்கெட்டை எடுத்துக்கொண்டு பரிசலில் இறங்குகிறார்.

ஒரே கேள்வி பாக்கி. தண்ணீர் திரும்ப ஏறும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

காவேரிப்பட்டணம் மரைன்

அணை திறப்பு வழக்கமாக ஜூன் 12 என்றாலும், கர்நாடகத்தில் மழை பிடித்து வரத்து ஏறும்போதுதான் உங்களுக்கு வேலை. ஒகேனக்கல் பக்கமிருந்து வரும் முதல் புதுத்தண்ணீர் செந்நிறமாக, வண்டலும் குப்பையும் குச்சியுமாக வரும். கரையில் காய்ந்து கிடந்த பாசியும் முள்ளும் மூழ்கிக் கிளம்பும். அந்த நாட்களில் ஸ்ட்ரெய்னரை ஒவ்வொரு நடைக்கும் முன்னால் திறந்து பாருங்கள், வால்வை மூடிவிட்டு. வண்டல் தண்ணீர் இம்பெல்லரையும் தகட்டையும் அரம் போட்டுத் தேய்ப்பதால், தெளிந்த பிறகு ஒருமுறை பம்பைத் திறந்து பார்த்துவிடுங்கள். இம்பெல்லர், அதன் கேஸ்கட், ஒரு மீட்டர் கம்பிச்சுருள் ஓஸ், இரண்டு கிளிப், ஒரு ஸ்க்ரூ டிரைவர், இவை ஒரு டப்பாவில் படகிலேயே இருக்கட்டும்.

ஏரியூர் மீன்கடை

அந்த டப்பாவோடு லைஃப் ஜாக்கெட்டும் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும் தம்பி. வரத்து ஏறுகிற நேரத்தில் பரிசல்காரர்களையும் ஏற்றி வருவீர்கள், அவர்களுக்கும் சேர்த்து எண்ணி வையுங்கள்.